மூன்று சேர்விஸ் உள்ள இடம்

மகன் இந்த வருஷமும் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போய் நிற்பாட்டி, நாலைந்து நாள் தங்கக்கூடிய ஏரிக்கரை இடங்களின் பெயர்கள். “ஆறுதலாப் பாத்துச் சொல்லுங்கோ அப்பா” என்றான். கண்ணாடியைப் போட்டு முதல் வரியைப் பார்த்தேன். பிறகு கழற்றி வைத்துவிட்டேன்.

போன வருஷமும் நான்தான் இடத்தைத் தெரிவு செய்தேன்.

ட்ரெயிலர் பழையது. மகன் யாரிடமோ வாங்கி, லொங்குய்யிலுள்ள தன் வீட்டு வாசலில் நிற்பாட்டியிருந்தான். உள்ளே கட்டில், அடுப்பு, குழாய், கக்கூஸ் எல்லாம் இருந்தன. மனைவி முதன்முதல் எட்டிப் பார்த்தபோது, “இதுக்கை சமைக்கிறதோ, இதுக்கையே கக்கூசுக்கும் போறதோ? எனக்கு வேண்டாம் ராசா” என்று முகத்தைச் சுளித்தாள். அது அவளுக்குப் புற்றுநோய் வருத்தம் வருவதற்கு முன்.

வருத்தத்துக்குக் கொடுத்த மருந்து அவளுடைய உள்ளங்கால்களைப் பிடித்தது. நெருப்பில் வைத்த மாதிரி எரியும் என்பாள். மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மூன்றாம் மாடி. பனிக்காலத்தில் பல்கனிக் கதவைக் கொஞ்சம் திறந்து, வாசற்படியில் கிடக்கும் பனிமேல் காலை வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பாள். வீடெல்லாம் குளிரும். நான் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன். பனி கரைந்த பிறகு அதுவும் இல்லாமற் போனது. ஈரத்துணி சுற்றிப் பார்த்தோம். துணி இரண்டு நிமிஷத்தில் சூடாகிவிடும்.

கோடையில் டாக்டர் மூன்று வாரம் மருந்தை நிற்பாட்டினார். அப்போது அவளே மகனிடம் கேட்டாள். “தம்பி, உன்ரை அந்தப் பெட்டியிலை என்னைக் கூட்டிக்கொண்டு போவியே? எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஒரு ஏரித் தண்ணிக்குள்ளை காலை வைச்சுக்கொண்டு கொஞ்சநேரம் இருக்கவேணும்.”

மகன் மூன்று இடங்களை எழுதிக்கொண்டு வந்தான். “டக்கெண்டு சொல்லுங்கோ அப்பா. கட்டட வேலைக்காரற்றை லீவு வருது, ஊர்ச்சனம் முழுக்க ஏரிக்குத்தான் போகும். பேந்து ஒரு இடமும் கிடையாது.”

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். இங்கே வந்து ஜான்-டலோன் சந்தையில் பதினெட்டு வருஷம் பெட்டி இறக்கினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்கப் பெட்டியில் எழுதியிருந்த பிரெஞ்சு. தக்காளிப் பெட்டி ஈரமாய் இருந்தால் அடியில் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பிய்ந்துவிடும். ஒருமுறை அப்படிப் பிய்ந்து, ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னோடு சேர்ந்து குனிந்து பொறுக்கினாள். நன்றிக்கு மெர்சி என்று சொல்ல வந்து, வணக்கத்துக்குச் சொல்கிற பொன்ஜூரைச் சொன்னேன். அது கிடக்கட்டும்.

கடதாசியில் ஒரு சொல் எனக்குத் தெரிந்திருந்தது. ‘சேர்விஸ்’. மனைவி மிஷன் குடும்பத்துப் பெண். ஞாயிறு ஆராதனையை, அவள் சொல்கிற சேர்விஸை, தவறவிடமாட்டாள். எங்கள் தெருவில் உள்ள தேவாலயத்தை மூன்று சபைகள் பங்குபோட்டுப் பாவிக்கின்றன. வாசற்பலகையில் மேலே ‘சேர்விஸ்’ என்றும், கீழே மூன்று நேரங்களும் எழுதியிருக்கும். பின்னேரம் இரண்டு மணிச் சேர்விஸ் தமிழ். அந்தப் பலகையை எழுத்தெழுத்தாக வருஷக்கணக்காய்ப் பார்த்திருக்கிறேன்.

கடதாசியில் முதலாவது இடம் தண்ணீரோடு ஒட்டியது என்று மகன் சொல்லியிருந்தான். ஆனால் ‘சான் சேர்விஸ்’ என்று இருந்தது. ‘சான்’ என்றால் இல்லை. மனைவியின் சீனியில்லாத பிஸ்கட் பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கும். அடுத்ததில் இரண்டு சேர்விஸ். கடைசியில் மூன்று.

அவளைக் கூப்பிட்டேன். “இஞ்சை பாரும், ஒரு இடத்திலை மூண்டு சேர்விஸ் நடக்குதாம்.”

“மூண்டோ? காட்டுக்குள்ளையோ?”

“லீவுக்குச் சனம் வருமெல்லே.”

“அப்ப அதையே சொல்லுங்கோ. ஏரியும் இருக்குத்தானே?”

“ஏரி இல்லாமலே? எல்லாம் ஏரிக்கரைதான்.”

மகன் ஒருதரம் கேட்டான். “முதலாவது இடமெண்டா தண்ணி காலடியிலை அப்பா.” நான், “இல்லை, மூண்டு சேர்விஸ் உள்ளதைப் போடு” என்றேன். அப்பா இவ்வளவு விஷயம் தெரிந்து பேசுகிறாரே என்று அவன் நினைத்திருக்கவேண்டும். உடனேயே பதிந்துவிட்டான்.

சனிக்கிழமை போனோம். வழியில் மரங்களுக்கிடையில் ஏரி ஒரு வெள்ளைக் கீறலாய்த் தெரிந்தது. அவள் மாத்திரை மயக்கத்தில் நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை. போனதும் பார்க்கத்தானே போகிறாள் என்று விட்டுவிட்டேன். எங்களுக்கு விட்ட இடம் ஏரியிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தது. சல்லிக்கல் நிலம். ட்ரெயிலர்கள் தோளோடு தோள் முட்டி வரிசையாய் நின்றன. மகன் குழாய்களைப் பூட்டினான், கரண்ட் கொடுத்தான். மாற்று இடம் கேட்டுப் பார்த்தான், எல்லாம் நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை. திங்கள் காலை வருகிறேன் என்று போய்விட்டான்.

ஞாயிறு காலை அவள் நீலச் சீலையை உடுத்து, வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். செருப்புப் போட முடியாது, சொக்ஸ் மட்டும். “மணிச் சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே, இஞ்சருங்கோ.”

வந்தன்று இடம் பதிந்த கந்தோருக்கு நடந்தேன். அங்கே இருந்த பிள்ளையிடம், “சேர்விஸ்... கெல் ஏர்?” என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. எங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு என்னோடு கூடவே வந்து, ட்ரெயிலருக்குப் பின்னால் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினாள். தண்ணீர்க்குழாய் ஒன்று. கரண்ட் கம்பி, அது இரண்டு. தடித்த குழாய் ஒன்று நிலத்துக்குள் போனது. கக்கூஸ் தண்ணீர் போகிற குழாய். அது மூன்று. இவைதான் கடதாசியில் எழுதியிருந்த மூன்று சேர்விஸ்.

மனைவி எல்லாவற்றையும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். சிரித்து இருமி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். “உங்கடை கதையை நம்பிச் சீலை உடுத்தனான். கக்கூஸ் குழாய்க்கு நான் என்ன பாட்டுப் பாடுறது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டுவந்திருந்த சக்கரக்கதிரையில் அவளை இருத்தி ஏரிப்பக்கம் தள்ளினேன். பத்தடி போகவில்லை, சில்லு சல்லிக்குள் புதைந்தது. இழுத்தேன், தூக்கினேன். எனக்கும் வயது எண்பது. கதிரை சரியப் பார்த்தது. “விடுங்கோப்பா, நாளைக்குத் தம்பி வந்து கூட்டிக்கொண்டு போவான்” என்றாள்.

பின்னேரம் அவளுக்கு உடம்பு சுட்டது. படுத்திருந்தாள். பக்கத்து ட்ரெயிலர்க்காரர் புறப்படுவதற்காக, தங்கள் கக்கூஸ் தொட்டியிலிருந்த ஊத்தைத் தண்ணீரை அதே மாதிரித் தடித்த குழாய்க்குள் திறந்துவிட்டார்கள். சளசளவென்று ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டே காலை நீட்டினாள்.

“ஏரிச் சத்தமோ? இவ்வளவு கிட்டவோ?”

“ஓம்” என்றேன்.

காய்ச்சல் குறையவில்லை. திங்கள் காலை மகன் வந்ததும் நேரே மொன்றியல் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். ஏரியைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. இலை நிறம் மாறத் தொடங்கியபோது போய்விட்டாள். அதுவரைக்கும் சபையிலிருந்து யார் பார்க்க வந்தாலும் அந்தக் கதையைத்தான் சொல்வாள். மூன்று சேர்விஸ் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாள். பிறகு, “எண்டாலும் நல்ல இடம். படுத்திருந்தா ஏரித் தண்ணி காதுக்குள்ளை ஓடும். கால் எரிவு கூட அப்ப தெரியேல்லை. கேட்டுப் பாருங்கோ இவரை” என்பாள்.

அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஓம் என்றேன்.

அது என்ன சத்தம் என்று மகனுக்கும் இதுவரை சொல்லவில்லை. கடதாசி மேசையில் கிடக்கிறது. தண்ணீரோடு ஒட்டிய அந்த இடத்தை இந்த முறையும் முதலாவதாகத்தான் எழுதியிருக்கிறான்.