இடப்பக்கப் பையிலிருந்த கண்டனம்

அவரைக் கண்டனத்தார் என்று அழைப்பவர்கள் கேலியாக அழைப்பதில்லை. நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் முதலில் கண்டிப்பவர் அவர்தான். கண்டிக்கும் வாய் மட்டும் வேறொருவருடையது. கண்டனத்தார் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர். பயங்கரவாதத்தைப் பற்றி உறுப்பினர் அவையில் உதிர்த்த முத்துக்கள் அனைத்தும் இவருடைய தட்டச்சில் விளைந்தவை.

அதற்கு முன் ஒரு பத்திரிகையில் மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட ஆளையும் நாலு வரியில் நல்லவராக்கிவிடும் அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துத்தான் உறுப்பினர் இவரை வளைத்துப் போட்டார். வேலையோடு அரசுக் குடியிருப்பும் கிடைத்தது. இரண்டு அறை, நிற்காத குழாய்த் தண்ணீர், வெயில் விழும் சமையலறை. வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள் என்பதால், தான் வாழ்க்கைப்பட்டது அந்தச் சமையலறைக்குத்தான் என்று அவருடைய மனைவியார் வெளிப்படையாகவே சொல்வார்.

கண்டன உரைக்கு இரண்டு வடிவம் உண்டு. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தால், உளவுத்துறை குறட்டை விட்டது, உள்துறை அமைச்சர் பதவி விலக வேண்டும். ஆளுங்கட்சி வரிசை என்றால், உளவுத்துறை கண் இமைக்காமல் காக்கிறது, பிணத்தின் மேல் அரசியல் செய்யாதீர்கள். ‘கோழைத்தனமான தாக்குதல்’ இரண்டுக்கும் பொது. உறுப்பினரின் கட்சி எப்போது எந்தக் கூட்டணிக்குத் தாவும் என்று கட்சிக்கே தெரியாது. ஆகவே கண்டனத்தார் இரண்டையும் அவருடைய மேல்கோட்டுப் பைகளில் வைத்து அனுப்புவார். இடப்பக்கப் பையில் எதிர்க்கட்சி, வலப்பக்கப் பையில் ஆளுங்கட்சி.

உறுப்பினர் எதையும் முன்கூட்டிப் படிக்க மாட்டார். படித்தால் உணர்ச்சி ஆறிவிடுமாம். ஒருமுறை குண்டு வெடித்த ஊரின் பெயரை நிரப்ப கண்டனத்தார் மறந்துவிட்டார். வெற்றிடம் வந்ததும் உறுப்பினர் திருதிருவென்று விழித்தார். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று அவையே எழுந்து நின்றது. பார்வையாளர் மாடத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் ஊர்ப் பெயரை நிரப்பவே வேண்டாம் என்று அன்று மாலையே உத்தரவு வந்தது.

பல வருடம் எதிர்க்கட்சியில் காய்ந்த பிறகு கட்சி ஒரே தாவாகத் தாவியது. உறுப்பினர் உள்துறை அமைச்சரே ஆகிவிட்டார். பதவியேற்ற வாரமே ஒரு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. கண்டனத்தார் வலப்பக்கப் பையில் புது உரையை வைத்தார். சாயங்காலத்துக்குள் கூட்டணி உடைந்தால் உதவுமே என்று இடப்பக்கத்துப் பழைய உரையை எடுக்காமல் விட்டார்.

அமைச்சர் எழுந்தார். பல வருடப் பழக்கத்தில் கை இடப்பக்கம் போயிற்று. உளவுத்துறை குறட்டை விட்டது என்று அவர் முழங்கியதும், மாடத்திலிருந்த கண்டனத்தார் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். உள்துறை அமைச்சர் இந்த நிமிடமே பதவி விலக வேண்டும் என்று உள்துறை அமைச்சர் மேசையைக் குத்தினார்.

தங்கள் ஆள் மூச்சு வாங்க நிறுத்தினால் மேசையைத் தட்டுவது ஆளுங்கட்சியின் வழக்கம். தட்டினார்கள். அமைச்சர் எதைச் சொன்னாலும் எதிர்ப்பது எதிர்க்கட்சியின் கடமை. அமைச்சர் பதவி விலகவே கூடாது என்று கோஷம் போட்டபடி அவர்கள் அவையின் நடுவுக்கு ஓடிவந்தார்கள். அவை ஒத்திவைக்கப்பட்டது.

கண்டனத்தார் வீட்டுக்குப் போன் போட்டு, பாத்திரங்களைக் கட்டச் சொன்னார்.

“என்னங்க ஆச்சு?”

“ஐயாவை ஐயாவே பதவி விலகச் சொல்லிட்டார்.”

“நல்லதுதானே. யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?”

மாலையில் அமைச்சரின் அறைக்கு அழைப்பு வந்தது. வேலை போயிற்று, சமையலறையும் போயிற்று என்ற முடிவோடு கண்டனத்தார் உள்ளே நுழைந்தார். தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து ‘மனசாட்சியின் குரல்’ என்று உருகிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் சத்தத்தைக் குறைத்தார்.

“யோவ், நானே ராஜினாமா கேட்டுட்டா அப்புறம் எவன்யா என்கிட்ட கேப்பான்? இத்தனை வருஷமா இது ஏன்யா எந்த மந்திரிக்கும் தோணல?”

தெரிந்தேதான் வைத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துறுதுறுத்தது. கண்டனத்தார் பணிவாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

“இனிமே ரெண்டு பையிலயும் அதையே வை.”

வீட்டில் மனைவியார் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வேலை தப்பித்தது, வீடும் தப்பித்தது என்று கண்டனத்தார் கதை முழுவதையும் நடித்தே காட்டினார். மனைவியார் எதிர்க்கட்சி ஓடிவந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்.

“பஸ் நிலையத்துல செத்தவங்களைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

கண்டனத்தார் இரண்டு உரைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

“அதுக்கு இடம் விடலை” என்றார்.

மனைவியார் எழுந்தார். ராத்திரிச் சமையலுக்கு ஒரு பாத்திரத்தை மட்டும் பெட்டியிலிருந்து உருவினார். மற்றவற்றை அவர் பிரிக்கவேயில்லை. கண்டனத்தாரும் பிரிக்கச் சொல்லவில்லை.