கன்டெய்னர் வகுப்பிலிருந்து ஒரு பெண்

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு ஜெர்மனியின் எர்லாங்கனில் ரயில் ஏறினேன். கோவையிலிருந்து வந்து ஒரு வருடமாகப் போகிறது. என் மகள் மது இன்னும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான தனி ஜெர்மன் வகுப்பில்தான் இருக்கிறாள். பீலெஃபெல்டில் அபிராமி என்ற இலங்கைத் தமிழ் மாணவி இப்படிப் பிரித்து வைப்பதை எதிர்த்துப் பள்ளிக் கூட்டத்தில் பேசப்போகிறாள் என்று தோழி சொன்னாள். பெற்றோர் யாரும் போகலாமாம். ஹனோவரில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டேன். அடுத்த ரயிலில் இடம் இருந்தும் உட்கார மனம் வரவில்லை, கதவருகிலேயே நின்றேன்.

ஸ்டேஷனில் அபிராமியின் அம்மா சுபாஷினி காரோடு காத்திருந்தார். "வாங்கோ அக்கா" என்றவர், வழியெல்லாம் பயத்தைத்தான் பேசினார்.

"இந்த வருசம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. ரீச்சர்மாரைப் பகைச்சால் என்ன செய்யிறது? வேண்டாமெண்டு சொன்னால் கேக்கிறாள் இல்லை."

பள்ளி மைதானத்துக்கு அப்பால், வேலிக்குப் பின்னால் தகர அறைகளாக இரண்டு கன்டெய்னர்கள். புதிதாக வந்த பிள்ளைகளின் வகுப்பு அங்கேதான். இடைவேளையும் அவர்களுக்கு வேறு. அபிராமி தன் தோழி ரிமாவோடு வாசலில் நின்றாள். ரிமா சிரியாவிலிருந்து வந்தவள், கன்டெய்னர் வகுப்பு மாணவி. இருவரும் பேசுவதாக ஏற்பாடு. அவர்களிடம் மதுவைப் பற்றிச் சொன்னேன்.

கூட்டம் தொடங்கியதும் தலைமையாசிரியர் தடுத்தார். மாணவர் பிரதிநிதிகள் மட்டுமே பேசலாம், கன்டெய்னர் வகுப்புக்குப் பிரதிநிதி கிடையாது. ஆகவே ரிமா பேச முடியாது. சுபாஷினி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். தன் வகுப்பின் பிரதிநிதியான அபிராமி எழுந்தாள்.

"என் நேரத்தை ரிமாவுக்குக் கொடுக்கிறேன். நான் பேசவில்லை" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றாள். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையசைத்தார்.

ரிமா தட்டுத் தடுமாறிப் பேசினாள். "ஊரில் கணக்கில் நான்தான் முதல். இங்கே வந்ததிலிருந்து நிறங்களின் பெயர் படிக்கிறேன். ஜெர்மன் பேச வேண்டும் என்கிறீர்கள். யாரோடு பேசுவது?"

கை தூக்கச் சொன்னார்கள். மயிரிழையில் முடிவானது: அடுத்த பருவம் முதல் கணக்கும் விளையாட்டும் எல்லோருக்கும் ஒன்றாக. மற்ற பாடங்கள் பழையபடி. கன்டெய்னர்களும் அங்கேயே இருக்கும்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் தலைமையாசிரியரையும் பெற்றோர் சங்கத் தலைவரையும் படமெடுத்தார். பெண்கள் இருவரும் பின்னால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பத்திரிகைக்காரர் உங்களை ஒன்றும் கேட்கவே இல்லையே" என்றேன்.

"பரவாயில்லை அன்ரி. இவளுக்குக் கணக்குப் புத்தகம் தேடவேணும்" என்ற அபிராமி, "மதுவுக்காக நீங்கள் பள்ளிக்கூடத்தில கதைச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

திரும்பும் ரயிலில் என் பழைய பள்ளி நினைவுக்கு வந்தது. இங்கிலீஷ் மீடியத்துக்கு மாடிக் கட்டடம், தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு ஓட்டுக் கட்டடம். ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மதுவை போனில் அழைத்தேன். "உன்னை மற்ற பிள்ளைகளோடு சேர்க்கச் சொல்லி நான் வந்து கேட்கட்டுமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டா, இந்த கிளாஸ்லயும் வேண்டாம்னு அனுப்பிடுவாங்களாம்மா?"

"அனுப்ப முடியாது" என்றேன். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை அவள் பள்ளிக்கு வருவதாகச் சொன்னேன்.