தட்டாத இசைக்கவை

கருப்பையா சார் இறந்த செய்தி நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு ரோஜாப்பூ காலை வணக்கங்களுக்கு நடுவே வந்தது. யாரோ அதற்கும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அந்தக் குழுவில் வரும் எதையும் நான் நம்புவதில்லை. திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டுக்கே போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். "ஆமா டீச்சர். காபி குடிச்சிட்டு உக்காந்தவுகதான்" என்றார்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து நம் பள்ளியில் அவர் இயற்பியல், நான் விலங்கியல். பதினொரு ஆண்டுகள் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குள் ஓடிய வழக்கு, ஸ்டாஃப் ரூமில் கூட இருந்த உங்களுக்குத் தெரியும்: நரம்பு ஒயரா, இல்லையா?

"கரண்ட் போகுதுல்ல டீச்சர்? அப்ப ஒயருதான்" என்பார்.

ஒயரில் ஒரு முனையில் கொடுத்தது மறுமுனைக்குத் தானே போய்விடும். நரம்பில் ஒவ்வோர் இடத்திலும் செல் சவ்வின் வாசல்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, தூண்டல் புதிதாகப் பிறந்து அடுத்த இடத்தை எழுப்ப வேண்டும் என்று நான் விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஸ்லோ ஒயரு" என்பார்.

ஒரு அறிவியல் தினத்தில், அந்த வேகத்தை அளந்தே காட்டிவிடலாம் என்றார். ஆண் ஆசிரியர்கள் பத்துப் பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். முதல் ஆள் பக்கத்தில் இருப்பவரின் தோளை அழுத்த, அவர் அடுத்தவர் தோளை அழுத்த, கடைசி ஆள் கையைத் தூக்க வேண்டும். பிறகு தோளுக்குப் பதில் கணுக்கால். காலிலிருந்து மூளைக்குத் தூரம் அதிகம் என்பதால் அந்தக் கூடுதல் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடலாம். ஸ்டாப் வாட்ச் என்னிடம் இருந்தது.

தன்னைவிட இளையவர் காலைத் தொட யாரும் சம்மதிக்கவில்லை. அலுவலகத்திலிருந்து சீனியாரிட்டி பட்டியல் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர் இந்த முனையில், ஹெச்.எம். அந்த முனையில், ஹெச்.எம்.முக்கு முந்தைய இடம் கருப்பையா சாருக்கு. தோள் சுற்று ஒழுங்காக முடிந்தது. கணுக்கால் சுற்றில், இளையவர் குனிந்து காலைத் தொட்டதுமே ஒவ்வொருவரும் பழக்கத்தில் அவர் தலையில் கைவைத்து, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த காலுக்குக் குனிந்தார்கள். கணக்குப் போட்டதில், மனித நரம்பின் வேகம் கல்யாண வீட்டில் பந்திக்கு நகரும் வரிசையின் வேகமாக வந்தது.

கருப்பையா சார் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். "டீச்சர் சொன்னது சரிதான். ஒயரு எங்கயாச்சும் ஆசீர்வாதம் பண்ணுமா?" என்றார்.

ஆசீர்வாதத்துக்குத் தடை போட்டு, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி மறுபடி நடத்தினோம். தூண்டல் விறுவிறுவென வந்து, கருப்பையா சாரிடம் நின்றுவிட்டது.

"சார், மூணு தடவை அழுத்திட்டேன்" என்றார் பக்கத்திலிருந்த தமிழாசிரியர்.

"கருப்பையா, என் காலு இங்கிட்டு இருக்குய்யா" என்றார் ஹெச்.எம்.

"லூஸ் காண்டாக்ட் சார்" என்றார் கருப்பையா சார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. அது நீளமான நரம்புகளைத்தான் முதலில் கெடுக்கும். உடம்பில் நீளமானவை பாதத்துக்குப் போகிறவை.

டாக்டரிடம் போகச் சொன்னேன். "எங்கப்பா இப்படித்தான் காலைக் காட்டப் போனாரு. ஒத்தக் காலோட வந்தாரு" என்றார். அதற்குப் பதிலாக அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இயற்பியல் ஆய்வகத்து இசைக்கவையை, அந்த டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி அவர் பெருவிரலில் நான் வைக்க வேண்டும். அதிர்வு தெரிந்தால் நரம்பு நலம். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொள்வார். "வருதா சார்?" "வருது டீச்சர்."

மூன்று வாரம் இது நடந்தது. "டீச்சர் மாறிட்டாங்க. டெய்லி பெரியவுக காலைத் தொடுறாங்க" என்று ஹெச்.எம். எல்லாரிடமும் சொன்னார்.

ஒருநாள், பிரேயர் மைக் அலறிக்கொண்டிருந்தபோது, கவையைத் தட்டாமலேயே வைத்தேன்.

"வருதா சார்?"

"இன்னைக்கு நல்லாவே வருது டீச்சர்."

"நான் தட்டவே இல்ல சார்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "வரல டீச்சர்" என்றார்.

"எத்தனை நாளா?"

"நீங்க வைக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே."

மறுநாள் டாக்டரிடம் போனார். உள்ளங்காலில் நோட்டீஸ் போர்டு பின் ஒன்று ஏறியிருந்தது. எப்போது ஏறியதென்று அவருக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றாராம் டாக்டர். சார் அந்தப் பின்னைக் கழுவிக் கொண்டுவந்து, அடுத்த சுற்றறிக்கையை அதனாலேயே போர்டில் குத்தினார். "ஸ்கூல் சொத்துல்ல" என்றார்.

அவர் இறந்த அன்று, வீட்டில் எல்லாரும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தொட்டேன், தொட்ட கையோடு அவர் கால்விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன.

அவர் நினைவாக அந்த இசைக்கவையைக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதுவும் ஸ்கூல் சொத்து, அவரே சம்மதிக்கமாட்டார். நான் வைத்துக்கொள்வது, கண்ணை மூடியபடி அவர் சொன்ன அந்த 'வரல'வை. நேற்று கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் போனவர் உரக்கப் படித்ததில் அட்டையின் கடைசி வரி எனக்கு மனப்பாடமாகியிருந்தது. "தெரியுதாம்மா?" என்று கேட்டார்கள். 'தெரியுது' என்று வாய்வரை வந்துவிட்டது.

"தெரியல" என்றேன்.