பழுப்பு நிலக்கரிக்கு மேல் ஓர் ஊர்

அந்த ஜெர்மானியரால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. சைட் கேபினில் நாற்காலியை இழுத்துப் போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு வாசலுக்குப் போவார். வாசலிலிருந்து பம்பு வரை நடந்து, அதை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப வருவார்.

வளைகுடாப் பாலைவனத்தில், ருவைஸில் எங்கள் ஆலையின் ஷட்டவுன் நடந்துகொண்டிருந்த ஜனவரி அது. சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி, பிரித்து, பழுது பார்த்துத் திரும்பப் பூட்டும் வேலை. ஒரு பெரிய பம்பைப் பூட்டும்போது கூட நின்று மேற்பார்வையிட, அதைச் செய்த கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. நான் அந்தப் பகுதியின் மெக்கானிக்கல் சூப்பர்வைசர். எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். இரண்டு பேருக்குமே இரவல் மொழி.

வியாழக்கிழமை காலை புதிய உதிரிப் பாகங்களின் பெட்டியைத் திறந்தபோது, பம்பின் தண்டின் மேல் மாட்டும் எஃகு உறை, ஸ்லீவ் என்போம், வழியில் அடிபட்டு நசுங்கியிருந்தது. மாற்று ஒன்று அவர்கள் ஊரிலிருந்து வர எட்டு, ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டு வெளியே போனார். வேலியோரமாக வேகமாக நடந்தார். பாதுகாப்பு ஆள் என்னிடம் வந்து, "பாய், அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று இந்தியில் கேட்டார்.

நானே போய் விசாரித்தேன்.

"செவ்வாய்க்கிழமை நான் ஊரில் இருக்கணும்," என்றார். "அன்னைக்கு எங்க அப்பாவை மாத்துறாங்க."

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"ஆஸ்பத்திரி இல்ல. அவர் இறந்து பதினோரு வருஷம் ஆச்சு. கல்லறையை மாத்துறாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பிறந்த கிராமத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. சுரங்கம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது. சனங்கள் வேறிடத்துக்குப் போய்விட்டார்கள், இப்போது கடைசியாக, புதைத்தவர்களையும் தோண்டி எடுத்துப் புதிய ஊரின் கல்லறைத் தோட்டத்தில் வைக்கிறார்கள். அவர் ஒரே பிள்ளை.

நான் நெய்வேலிக்காரன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். பழுப்பு நிலக்கரி என்ற சொல்லை இந்தப் பாலைவனத்தில் ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து கேட்பேன் என்று நினைத்ததில்லை. எங்கள் ஊரும் சுரங்க ஊர்தான் என்று சொன்னதும் அவர் நடப்பதை நிறுத்தி என்னை நேராகப் பார்த்தார். "உங்க ஊர்லயும் அந்தப் பெரிய சக்கரம் இருக்கா?" என்றார். வாளிகள் வைத்த ராட்சதச் சக்கரம் மண்ணை வெட்டுவதைப் பள்ளியிலிருந்து வரிசையாகக் கூட்டிப் போய்க் காட்டியதைச் சொன்னேன். "அது எங்க நாட்டு மெஷின்," என்றார். பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஷார்ஜா தொழில்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சிவகங்கைக்காரர் ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அந்த ஸ்லீவைக் கடைந்து தர முடியுமா என்று போன் போட்டேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவு சார். ஆனா நீங்க வாங்க, தொறந்து வைக்கிறேன்," என்றார்.

உள்ளூரில் கடைந்த ஸ்லீவைப் போட மேலே அனுமதி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜெர்மானியர் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டார்.

ருவைஸிலிருந்து ஷார்ஜா மூன்றரை மணி நேரம். காரில் நடக்க முடியாதே, அதனால் பேசினார். முழங்கை மாதிரி வளைந்த ஒரே தெரு. வளைவில் தேவாலயம். அதில் இருநூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுப் படை ஒரு குளிர்காலம் முழுக்கக் குதிரைகளைக் கட்டியிருந்ததாம். பிற்பாடு இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கோபுரம் எரிந்தது. செங்கல்லில் திரும்பக் கட்டியபோது பழைய உயரத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. "அதனால பக்கத்து ஊர்க்காரன் எங்களைக் குள்ளக் கோபுரம்னு கூப்பிடுவான்." சுற்றிலும் பீட்ரூட் மாதிரி, சர்க்கரை எடுக்கும் கிழங்கு வயல். இலையுதிர் காலத்தில் டிராக்டர்களிலிருந்து கிழங்கும் சேறும் தெருவில் கொட்டி, சைக்கிளில் போன எல்லோரும் வழுக்கி விழுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கம்பத்தின் உச்சியில் மரப்பறவை ஒன்றை வைத்துச் சுடுவார்கள். கடைசித் துண்டை வீழ்த்தியவர் அந்த வருடத்து ராஜா. அவருடைய அப்பா ஒருமுறை ராஜாவாகி, மூன்று நாள் போதை தெளியாமல் கிடந்தாராம்.

"நல்ல ஊரா இருந்திருக்கே," என்றேன்.

"எனக்குப் பிடிக்காது. பதினெட்டு வயசுல ஓடி வந்துட்டேன். சவூதி, ஓமன், கொரியா, இங்க. ஒரு இடத்துலயும் இரண்டு வருஷத்துக்கு மேல இல்ல." கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். "அப்பா அந்தச் சுரங்கத்துலதான் இருந்தார். அவர் ஷிப்டுல மூணு ஊர் காணாமப் போச்சு. நம்ம ஊருக்கு வராதுன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தார்."

"அப்ப உங்க கோபம் யார் மேல?"

"அதான் தெரியல," என்றார். ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன்.

பட்டறையில் நிலைமை மோசமானது. ஜெர்மானியர் லேத்தின் மேல் குனிந்து நின்றார். நிமிடத்துக்கொரு தரம் மைக்ரோமீட்டரை வாங்கி அளந்தார். வேகமாக முடிக்கச் சொன்னார். சிவகங்கைக்காரரின் கை ஒரு நொடி தவறியது. உட்பக்கம் அதிகமாகக் கடைந்துபோய், முதல் ஸ்லீவ் வீணானது.

சிவகங்கைக்காரர் மோட்டாரை நிறுத்தினார். "சார், கோவிச்சுக்காதீங்க. அவரக் கொஞ்சம் அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க. அவரு நின்னா எனக்குக் கை ஓடல."

அவரை வெளியே கூட்டிப் போனேன். விடுமுறை நாள், ஷட்டர்கள் மூடிக் கிடந்தன. டயர் கடைகள், பெயின்ட் கடைகள், பிரித்துப் போட்ட லாரிகள். நடந்தோம், நடந்தோம். ஒரு கட்டத்தில் அவர் நின்று, "உங்க அப்பா எந்த ஊரைத் தோண்டினார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் வகுப்பில் நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. சுரங்கக் குடியிருப்பில் எங்களுக்கு ஊர் என்றால் வட்டம், தெரு நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர். அதற்கு முன்னால் அங்கே ஏதாவது இருந்ததா என்று யோசிக்கவே தோன்றியதில்லை. "தெரியாது," என்றேன். அவர் தலையாட்டினார். அதில் குற்றச்சாட்டு இல்லை.

இரண்டாவது ஸ்லீவ் சரியாக வந்தது. சனிக்கிழமை பூட்டினோம். ஞாயிறு பம்பை ஓட்டிப் பார்த்தோம், சத்தமில்லாமல் ஓடியது. அவர் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். அங்கே வந்ததிலிருந்து அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். திங்கள் காலை மூடுபனியால் விமானம் நான்கு மணி நேரம் தாமதம் என்று செய்தி அனுப்பினார். நான் டூட்டியில் பத்து நிமிடத்துக்கொரு முறை போனைப் பார்த்தேன்.

புதன்கிழமை நீண்ட செய்தி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார். பச்சைத் துணியால் மறைப்புக் கட்டியிருந்தார்கள், எட்டிப் பார்க்க விடவில்லை. ஒரு சின்னப் பெட்டி வண்டியில் ஏறியது. பின்னாலேயே காரில் போனார், அவ்வளவுதான். புதிய ஊரில் தெருக்களுக்கெல்லாம் பழைய பெயர்தான், ஆனால் எல்லாம் நேர்த் தெருக்கள். பேக்கரிக்குப் போக வழி தெரியாமல் இரண்டு தரம் சுற்றினாராம். அம்மா சந்தோஷமாக இருக்கிறாராம். புது வீட்டில் படிக்கட்டு இல்லை, குளிருக்கு இதமாகத் தரையே சூடாக இருக்கிறது. "அவங்க அழுவாங்கன்னு நினைச்சு ஓடி வந்தேன். அவங்க எனக்குக் கேக் வெட்டித் தர்றாங்க. அடுத்த வாரம் கொரியாவுக்கு வேலை கேட்டிருக்கேன்."

அன்று மாலை வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனி கொடுத்த வீடு. பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன்.

"என்னங்க, எதையாவது தேடுறீங்களா?" என்றாள் மனைவி.

பத்தாவது படிக்கும் மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா, யூ ஆர் மேக்கிங் மீ டிஸ்ஸி."

விருத்தாசலத்தில் தம்பியோடு இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன். வழக்கமாக மழை, மாத்திரை, பென்ஷன் என்று பேசுவோம். நான் நேராகக் கேட்டேன்: "நீங்க வேலைக்குச் சேந்தப்ப வெட்டின இடத்துல என்ன ஊருப்பா இருந்துச்சு?"

எதிர்முனையில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"இப்ப எதுக்குடா அது?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

இரண்டு பெயர் சொன்னார். மூன்றாவதுக்குத் தடுமாறினார். "ஒரு அய்யனார் கோயில் இருந்துச்சு. குதிரைங்கள மட்டும் லாரில ஏத்தி விட்டோம். பேரு... பேரு வாய்ல வருது, வர மாட்டேங்குது. இரு, நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவரே போன் செய்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். பெயர் இன்னும் ஞாபகம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார்.