வெறுந்திடலில் மடங்கும் பாதை

எங்கள் ஊரின் வரலாற்றை எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது சென்னையில், ஹாஸ்டல் மெஸ்ஸில், தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது. ரூம்மேட்டுக்கு போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து மரக்காணம் உப்பளங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள், இந்தப் பக்கம் எங்கள் ஊர், இரண்டுக்கும் நடுவே ஒரு வெறுந்திடல். அதில் ஓர் ஒற்றையடிப் பாதை. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"காலி எடம்தானேடி? நேரா போக வேண்டியதுதானே. ஏன் இப்பிடி மடங்கி மடங்கிப் போறீங்க?"

தோசை ஆறிப்போனது.

விஷயம் இதுதான். பழைய ஊர் அந்தத் திடலில்தான் இருந்தது. அப்பா சிறுவனாக இருந்தபோது ஒரு புயலில் கடல் உள்ளே வந்து ஊரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவர்கள் மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஆனால் உப்பளத்துக்குப் போகும்போது இன்றும் பழைய தெருக்களில்தான் நடக்கிறார்கள். கடைமுக்கு என்று ஓரிடத்தில் இடதுபக்கம் திரும்புவார்கள், கடை கிடையாது. கோயில் இருந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவார்கள், கோயிலும் கிடையாது. உப்பு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் புகுந்து போக யாருக்காவது மனசு வருமா?

இன்னொன்றும் உண்டு. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வோம். வெறும் 'போறேன்' வாயில் வரக்கூடாது. சாவு வீட்டில் மட்டும் 'வர்றேன்' கூடாது. எங்கள் ஊரில் திடலிலும் கூடாது.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு கோடை மதியம். மேற்கே திடீரென்று மேகம் கறுத்தது. உப்பளத்தில் அப்பாவும் சித்தப்பாவும் வாரிக் குவித்த உப்பு மலையாக நின்றது. மழை விழுந்தால் அந்தக் கோடையின் உழைப்பு மொத்தமும் கரைந்துவிடும். தார்ப்பாய் அங்கே இருந்தது, அதைக் கட்டும் கயிறு வீட்டில். அம்மா கயிற்றுச் சுருளை என் தோளில் மாட்டி, "ஓடு. தெருவோடயே போ" என்றாள்.

தெருவோடு போனால் நேரமாகும். நான் அவசரக்காரி, இப்போதும்தான். குறுக்கே ஓடினேன்.

நடுத்திடலில் வெயில் சட்டென்று என் மேலிருந்து விலகியது. தரை அதே வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது, எங்கும் நிழல் இல்லை. ஆனால் கூரைக்குக் கீழே வந்ததுபோலத் தலையும் தோளும் குளிர்ந்தன. காலடியில் உப்புப் பொருக்கு நொறுங்கும் சத்தம் நின்றது. மெழுகிய தரைபோல வழவழவென்றிருந்தது. மீன் வறுக்கும் வாசனை.

"யாரு?" என்றது ஒரு பெண்குரல். அடுப்பருகே இருப்பவர்கள் வாசலில் அரவம் கேட்டால் திரும்பாமலே கேட்பார்களே, அப்படி.

"நாந்தான்" என்றேன். வேறென்ன சொல்வது?

"உக்காரு, வர்றேன்."

உட்கார்ந்துகூட இருப்பேன், ஆனால் தோளில் கயிறு உறுத்தியது. ஓடிவிட்டேன்.

நான் வந்த திசையைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார். "ஏய், யாரு வூட்டுக்குள்ள பூந்து வர்ற? சோறு போட்டாங்களா?"

"இல்ல சித்தப்பா. உக்காரச் சொன்னாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. கயிற்றை வாங்கிக்கொண்டிருந்த அப்பா, "யாரு?" என்றார்.

"தெரியல. ஒரு அக்கா. உக்காரு, வர்றேன்னாங்க."

கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. காற்று ஈரமாக வீசத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, மழை வருதுண்ணே! ஒரு பக்கமாவது புடி!"

"உப்பு போவுது, உடுடா."

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குறுக்கே அல்ல, தெருவோடு. ஒரு திருப்பம் தாண்டி நின்று செருப்பைக் கழற்றினார். எதிரே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து, "பாப்பா தெரியாம வந்துட்டா" என்றார். குரல் சின்னப் பையன் குரல்போல இருந்தது. "போறோம்." பிறகு என் தோளைத் தொட்டு, "நீயும் சொல்லு."

நல்ல வளர்ப்பு அல்லவா நான்? பெரியவர்கள் வீட்டு வாசலில் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்ததைச் சொன்னேன்.

"போயிட்டு வர்றேன்."

மழை விழுந்தது. திடல் முழுவதும் நொடியில் கறுத்தது. எங்களுக்கு முன்னால், ஒரு சின்ன வீட்டின் அளவுக்கு மட்டும், தரை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு அதுவும் நனைந்தது. அப்பா முகத்தில் வழிந்த மழையைத் துடைக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. முதுகில் அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. நான் சொன்னதை அப்பா திருத்தக்கூட இல்லை. பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் வரலாற்றுக்காகச் சித்தப்பாவுக்கு போன் செய்து அது யார் வீடு என்று கேட்டேன். எதற்கும் கிண்டல் செய்கிற மனிதர், அன்று செய்யவில்லை.

"நம்ம வூடுதாம்மா. புயல் அன்னிக்கி நான் கைக்கொழந்த, அம்மாவோட ஆஸ்பத்திரில கெடந்தேன். பெரியக்கா மீன் வறுத்துக்கினு இருந்துச்சாம். உங்கப்பன் பசிக்குதுன்னு நின்னப்ப, உக்காரு, வர்றேன்னு சொல்லிச்சாம். இவன் எங்க உக்காந்தான்? கடல் ஏறுதுன்னு சத்தம் கேட்டு, பாக்கலாம்னு மேட்டுக்கு ஓடிட்டான். அவசரக்காரன், உன்ன மாதிரி."

வருஷக்கணக்காக அந்த வழியாக நடந்தும், அக்காவிடம் சொல்லத் தனக்கு அனுமதியில்லாத அந்த 'வர்றேன்' என்ற வார்த்தையை மகள் சொல்லிவிட்டாள் என்றுதான் அவர் அன்று மழையில் அப்படி நின்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை. அந்த முகத்தைப் பயந்த முகம் என்று நம்பிவிட்டேன்.

முதல் அத்தியாயத்தை மேப்பைப் பார்த்து எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் திடலில் குறுக்கே நடக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று பார்த்தேன்.

"எத்தன மணிக்கு?" என்றார். "நானும் வர்றேன்."

யாரென்று கேட்டால் பதில் சொல்வோம். இந்த முறை, உட்காரச் சொன்னால், உட்காருவோம்.