இடது கைக்கு ஒரு வார்

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கைக்கடிகாரம். அதற்கு வார்கள்தான் நிறைய. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருப்பவனுக்கு இத்தனை வாட்ச் ஸ்ட்ராப் எதற்கு என்று என் மனைவி கேட்காத மாதம் கிடையாது. வேலைக்குப் போகும்போது நைலான் வார். எண்ணெய் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். கல்யாணம் காட்சிக்குத் தோல் வார். மழைக்காலத்தில் தோல் ஊறி நாற்றமடிக்கும் என்பதால் ஸ்டீல் செயின். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் ஜன்னலோரம் ஒரு துண்டை விரித்து, கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து, எது போடலாம் என்று யோசித்து மாற்றுவேன். வாரைக் கடிகாரத்தோடு பிணைப்பது குண்டூசி கனத்தில் இருக்கும் ஒரு சின்னப் பின். அதன் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் உண்டு. ஒரு கை கடிகாரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை அந்த முனையை அமுக்கி விடுவிக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

அன்றைக்கும் ஞாயிறுதான். மருங்காபுரியில் என் மனைவியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். நான் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு தோல் வாரை மாட்ட உட்கார்ந்தேன். இடது கையில் பிடித்திருந்த கடிகாரம் நழுவித் துண்டில் விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. தலைக்குத் தேய்த்த எண்ணெய் கையில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை எடுக்கப் போனபோது கை போகவே இல்லை.

புடவை மாற்றிக்கொண்டு வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, வாய் ஏன் ஒரு பக்கமாப் போகுது?"

நான் ஒன்றுமில்லை என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். நான் சொன்னது எதுவும் புரியவில்லை என்று அவள் பிறகு சொன்னாள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் காரை எடுத்தார். புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். எனக்கு அது தெரியாது.

பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் வீடு திரும்பினேன். பேச்சு சீக்கிரமே சரியாகிவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை. கை வராததைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவளும் என் மனைவிதான். தட்டில் வைத்த இட்லிகளில் வலது பக்கம் இருந்தவற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு வை" என்று கேட்டிருக்கிறேன். இடது பக்கம் இரண்டு இட்லி அப்படியே இருந்தன. அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். அப்போதுதான் எனக்கு அவை தெரிந்தன. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். பாதி முகத்துக்கு மட்டும் ஷேவ் செய்துகொண்டு எழுந்து வந்தேன். கண்ணில் குறை ஒன்றும் இல்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கவனிக்க மறுக்கிறது என்று டாக்டர் விளக்கினார். படுக்கையில் புரளும்போது இடது கை என் உடம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அதை யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிதான் நான் இழுத்து வெளியே போடுவேன்.

கடிகாரத்தை மனைவி என் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். காலையில் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பித்தான் போட்டு, கடைசியில் கடிகாரம். ஸ்கூலுக்கு அனுப்பும் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவனுக்கு இது மட்டும் ஏனோ பொறுக்கவில்லை. ஒரு நாள் அவள் பக்கிளை மாட்டிக்கொண்டிருக்கும்போது கையை இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம். எடுத்து உள்ள வை."

"ஏங்க, இறுக்கமா இருக்கா?"

"வேண்டாம்னு சொல்றேன்ல."

அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்துகொண்டிருந்தார். பொறுமைசாலி. "இடது பக்கம் பாருங்க சார், உங்க கையப் பாருங்க" என்று நூறு முறை சொல்லுவார். நான் பார்ப்பேன். அவர் சொல்லி முடித்ததும் தலை தானாக வலது பக்கம் திரும்பிக்கொள்ளும். சமயபுரத்திலிருந்து மனைவி வாங்கி வந்த மஞ்சள் கயிறு அந்தக் கையில்தான் கட்டியிருந்தது. அதையும் நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அவர் என் கையைப் பிடித்து நீவிக்கொண்டே கேட்டார்.

"சார் இந்தக் கையிலதான் வாட்ச் கட்டுவீங்களா?"

மணிக்கட்டைச் சுற்றி வார் இருந்த இடம் மட்டும் இன்னும் வெளுத்திருந்தது. என் மற்ற தோலெல்லாம் கறுப்பு. அந்த வெளுப்பை நான் வெகு நேரம் பார்த்தேன்.

"திரும்ப இதுலயே கட்டுங்க. மணி பார்க்கவாவது இந்தப் பக்கம் திரும்புவீங்க" என்றார்.

மறுநாள் மனைவி ஸ்டீல் செயினை மாட்டிவிட்டாள். அதன் பின்னில் மட்டும் விரலால் இழுக்க ஒரு சின்னக் காது உண்டு, மாற்றத் தெரியாதவர்களும் சுலபமாகப் போடலாம். சாயங்காலம் கழற்றியபோது அவள் முகம் மாறிவிட்டது. வேலை இல்லாத கை பொழுது போகப் போக வீங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. செயினின் கண்ணிகள் சதையில் பதிந்து சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. அவள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள். தெரிந்தால்தானே சொல்வதற்கு. தோல் வாரில் துளைக்குத் துளை இடைவெளி அதிகம். காலையில் லூசாகத் தொங்கும், மாலையில் கடிக்கும். அத்தோடு அந்த முயற்சி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவள் விடவில்லை. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே வாட்ச் வார் தைத்து விற்கும் ஒரு பெண்ணிடம் நான் முன்பு கூரியரில் ஒன்றிரண்டு வாங்கியிருந்தேன். என் போனில் நம்பரைத் தேடி எடுத்து மனைவியே பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கையால் போட வேண்டும், வீக்கத்துக்குத் தகுந்த மாதிரி தளர்த்த வேண்டும், உறுத்தக் கூடாது. நேரில் வாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

உடம்புக்கு வந்தபிறகு ஆஸ்பத்திரி தவிர வேறு எங்கும் போனது அன்றுதான். ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது மனைவி என்னை வலது ஓரத்தில் உட்காரவைத்திருந்ததால் அந்தப் பக்கம் வந்த பஸ்களைத்தான் பார்த்தேன். சித்திரை வீதியில் அவர்கள் வீட்டுப் படி உயரம். என்னால் ஏற முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணே அளவு நாடாவும் ஒரு பெட்டியுமாக ஆட்டோவுக்கு வந்துவிட்டாள். இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாளாம். இது அவளுடைய ஓய்வு நேரப் பழக்கம்.

"தோல்ல பண்ண மாட்டேன் அங்கிள். அப்பா பெருமாள் கைங்கர்யம் பண்றார், ஆத்துக்குள்ள தோல் வரப்படாதுன்னுட்டார். துணிதான். உங்களுக்கும் அதுதான் நல்லது, உறுத்தாது" என்றாள்.

அவள் என் இடது கையைத் தூக்கி அளந்தாள். விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருப்பதைப் பார்த்தாள். பிறகு மனைவியிடம், கார்த்தால ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் அளந்து அனுப்பச் சொன்னாள். வாரின் ஒரு பாதியில் ஒரு வளையம் வைத்து, மறு பாதியை அதற்குள் நுழைத்து மடக்கினால் வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளும். கழற்றினாலும் வளையத்தைவிட்டு வெளியே வராதபடி நுனியைத் தடிமனாக்கிவிடலாம். கையை உள்ளே விட்டு ஒரே இழுப்பு. இதையெல்லாம் ஒரு காகிதத் துண்டில் வரைந்தபடியே சொன்னாள். அப்புறம் பெட்டியைத் திறந்து துணித் துண்டுகளை என் மடியில் பரப்பினாள்.

"என்ன கலர் வேணும் அங்கிள்?"

மனைவி, "பிரவுனே போட்டுடும்மா, அவருக்கு அதான் பிடிக்கும்" என்றாள்.

"அவர் சொல்லட்டும் மாமி" என்றாள் அந்தப் பெண்.

மாதக்கணக்கில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்ன சாப்பாடு, எந்தச் சட்டை, எப்போது குளியல், எப்போது தூக்கம், எல்லாம் என் நன்மைக்காக யாராவது முடிவு செய்துவிட்டிருந்தார்கள். நானும் சரி சரி என்று இருந்துவிட்டேன். மடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பணிமனையில் கவனிக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்திருப்போம். கிரேன் கொக்கி, குழியின் விளிம்பு, தலை இடிக்கும் கம்பி. மஞ்சள் இருந்தால் கண் தானாகப் போகும்.

"மஞ்சள்" என்றேன். "கயிறு மாதிரி மங்கலா வேண்டாம். நல்லா அடிக்கிற மஞ்சள்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் நான் அடிக்கிற கலரில் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை.

வார் வந்து சேர்ந்ததும் அதைக் கடிகாரத்தில் மாட்ட வேண்டியவள் அவள்தான். துண்டை விரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"பின் நுனிய அமுக்கு. அப்படியில்ல, உள்பக்கமா."

"அமுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இன்னொரு கையால வாட்சைப் புடிச்சுக்கணும்."

"எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு?"

சொன்னபிறகு அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது பின் விட்டு எகிறியது. கட்டிலுக்கு அடியில், பாய்க்கு அடியில், ஃபேன் காற்றில் உருண்டு போயிருக்குமோ என்று மூலையில், எங்கும் தேடினாள். கடைசியில் அவள் புடவை மடிப்பில் இருந்தது. அவள் அதை எடுத்து நீட்டியபோது இருவரும் சிரித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கட்டிக்கொள்வது நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மடங்கிய விரல்களை வாருக்குள் ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளும். அதை நுழைப்பதற்குள் சுண்டுவிரல் வெளியே வந்துவிடும். விரலைப் பார்க்காமல் நுழைக்க முடியாது என்பதால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மனைவி அடுப்படியில்தான் இருந்தாள். பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. நான் கூப்பிடுவேனா என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் கூப்பிடவில்லை. கட்டைவிரல் உள்ளே போனது. இழுத்து மடக்கி ஒட்டினேன்.

"போட்டுட்டேன்" என்றேன்.

"காபி கொண்டு வரேன்" என்று மட்டும் அவள் சொன்னாள். ஆனால் காபி வர நேரமாயிற்று.

பீரோவிலிருந்து எடுத்து மனைவி குலுக்கி ஓடவைத்து மணி திருத்திய கடிகாரம், மறுநாள் காலையில் நின்றிருந்தது. அது பேட்டரியில் ஓடுவதில்லை. கை ஆட ஆட உள்ளே ஒரு தகடு சுழன்று அதுவே சாவி கொடுத்துக்கொள்ளும் ரகம். இருபது வருஷமாக என் கையில் இருந்தவரை அது நின்றதே இல்லை. இப்போது அந்தக் கை எவ்வளவு கொஞ்சமாக அசைகிறது என்பதை அது எனக்குச் சொல்லிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வந்ததும் மனைவி அவரிடம் காட்டினாள்.

"அப்ப ஓட வைங்க சார்" என்றார். "வலது கையால இடது கையத் தூக்கி இறக்குங்க. தோள்லேர்ந்து ஆட்டுங்க. ஓடற அளவுக்கு."

தூக்கி இறக்கினேன். காலையில், சாப்பிட்டபிறகு, டிவி பார்க்கும்போது. சில நாள் ஓடும், சில நாள் நின்றுவிடும். எப்போது அது தொடர்ந்து ஓட ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தட்டைத் திருப்பி வைக்க வேண்டிய தேவையும் அதே சமயத்தில்தான் போனது.

கை முழுதாக வரவில்லை, இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். விரல்கள் மூடும், திறக்க நேரமாகும். கடிகாரத்தைப் பிடித்துப் பின்னை அமுக்கும் வேலையெல்லாம் நடக்காது. பணிமனையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஸ்டோரில் லைட் டியூட்டி கொடுத்தார்கள். முதல் நாள் மனைவி ஆட்டோவில் கேட் வரைக்கும் வந்துவிட்டுப் போனாள். என்னோடு ஒரே பெஞ்சில் நின்று வேலை பார்த்தவர் எதிரே வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் என் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பிறகு தான் பிடித்த கை எது என்று தெரிந்து விடவும் முடியாமல் நின்றார்.

"பரவால்ல, குலுக்குங்க. நல்லதுதான்" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். மனைவி ஃபேனைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"போச்சு. கைதான் வலிக்குது."

"தூக்காதீங்கன்னு சொன்னேன்ல, எல்லாத்தையும் ஒரே கையால..."

"அந்தக் கை இல்ல" என்றேன். "இது."

அவள் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து, என் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மஞ்சள் வாரைப் பிரித்துத் தளர்த்தினாள்.

"எங்க வலிக்குது?"

நான் காட்டினேன். அவள் அந்த இடத்தை மெதுவாக நீவத் தொடங்கினாள்.