மச்சானுக்கு ஒரு தூரத்து அரசாங்கம்

எங்கள் தெருவுக்கு யார் கவுன்சிலர் என்று கேட்டால் என் மச்சான் முழிப்பான். ஆனால் கடல் தாண்டி இருக்கும் ஒரு நாட்டில் இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்த நாளிலிருந்து, அந்த நாட்டின் சட்டம், திட்டம், துணை அமைச்சர்களின் துறை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவனுக்குத் தெரியாது. அங்கே மின்சாரத்தை அரசுடைமை ஆக்கினார்கள் என்றால் அன்று எங்கள் வீட்டில் இரண்டாவது காப்பி.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூட்டங்களுக்கு நடுவில் நேரம் கிடைக்கவில்லை என்பது என் கட்சி. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. நீராவி உருளைக்குள் போய் வெளியே வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து, நடுவில் சந்தித்து மடிக்க வேண்டும். அப்படிச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவரிடம் அவன் அந்த நாட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வான். திரும்பிப் போய் அடுத்த விரிப்பைப் பிடித்து வந்து மிச்சத்தைச் சொல்வான். வாடகையை ஏற்றக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தபோது, ஓட்டலின் ஒரு மாடி விரிப்பு முழுக்க அந்தச் சட்டத்தோடுதான் மடிக்கப்பட்டது. இவனோடு மறுமுனை பிடிக்க ஆளே வரமாட்டேன் என்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் என்னிடம் வந்து அழுதார்.

என்னிடம் ஏன் அழுதார் என்றால், நான் முடி வெட்டுகிறவன். எல்லோரும் என்னிடம்தான் அழுவார்கள். எனக்கு அரசியல் கிடையாது. யார் ஆண்டாலும் முடி வளரும்.

மச்சானுக்கு அந்த நாட்டின் மேல் இவ்வளவு பாசம் வர ஒரு காரணம் உண்டு. அவனுடைய தங்கை, வீட்டின் கடைக்குட்டி, கல்யாணமாகி அங்கேதான் போனாள். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் இவன். இன்று அவள் அத்தனை பெரிய வண்டியை ஓட்டுவதில் பாதிப் பெருமை தனக்குத்தான் என்று நினைப்பவன். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஊரெல்லாம் அலைந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வாங்கி அவளுக்கு அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனில் கூப்பிடுவாள். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று இவன் கேட்பான். "எல்லாம் நல்லா இருக்குண்ணா" என்பாள். அவ்வளவுதான், இவனுக்கு வாயெல்லாம் பல். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடுவான், கூட்டத்தில் பேச ஒரு வரி கிடைத்துவிட்டது என்று.

கூட்டம் என்றால் நட்புறவுக் குழு. செருப்புக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், பெட்டிகளுக்கு நடுவே நடக்கும். அந்த அரசாங்கத்துக்கு வெளிநாட்டில் இருந்து துணை நிற்பது அதன் வேலை. பிஸ்கட்டுக்காக நானும் போவேன். தலைவி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அந்த அரசாங்கம் எது செய்தாலும் டீச்சர் கை தட்டுவார். எதிரில் பல் டாக்டர். எது செய்தாலும் அவருக்குப் போதாது. "பல்லே சொத்தை. பிடுங்காம மேல பவுடர் தடவுறாங்க" என்பார். ஒரே செய்தியை வைத்துக்கொண்டு ஒருவர் விழா எடுப்பார், ஒருவர் எழவு கொண்டாடுவார். மச்சான் டீச்சர் பக்கம். டாக்டரிடம் சொத்தைப் பல்லைக் காட்டக்கூட அவன் போகமாட்டான், வலித்தாலும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நாட்டின் போக்குவரத்துத் துணை அமைச்சர் எங்கள் ஊருக்கு வருகிறார், குழுவின் கூட்டத்தில் பேசுகிறார் என்று சேதி வந்தது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. மாணவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பேருந்தை இலவசமாக்கியவர் அவர்தான். மேடைக்குப் பின்னால் கட்டப் பெரிய பதாகை வேண்டும் என்றார் டீச்சர். மச்சான் போனில் தேடு தேடென்று தேடி ஒரு படத்தைப் பிடித்தான். மழை பெய்யும் தெரு, வரிசையாகப் பேருந்துகள், கடல் போல் கூட்டம், எங்கு பார்த்தாலும் சிவப்புக் கொடி. நடுவில் ஒரு பேருந்தின் கூரை மேல் யாரோ ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு கொடியை ஆட்டுகிறாள்.

"பாருங்க மாமா, சனங்க எப்படிக் கொண்டாடுறாங்கன்னு! பஸ்ஸுக்கு மேலயே ஏறிட்டாங்க!"

படத்தைத் துணியில் அச்சடித்து வாங்கி வந்தான். பின்னால் முட்டுக்கொடுக்க, ஓட்டலில் கழித்துப் போட்ட விரிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, சலவைக்கூடத்துத் தையல் இயந்திரத்தில் அவனே தைத்தான். அடியில் ‘மக்கள் பேருந்து, மக்கள் அரசு’ என்று எழுதினான். பெயின்ட் காய எங்கள் கூடத்தில் கட்டித் தொங்கவிட்டதில், நாங்கள் சமையலறைக்குக் குனிந்து குனிந்து போனோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. மச்சான் பெருமையாகப் போனைத் திருப்பிப் பதாகையைக் காட்டினான்.

அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

"அண்ணா, அந்த மஞ்சள் மழைக்கோட்டு யார் வாங்கிக் குடுத்தது?"

மச்சான் படத்துக்கு அருகில் போனான். கூரை மேல் நிற்கும் பெண்ணின் மஞ்சள் முதுகைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"நீயா? அடிப்பாவி, விழுந்திருந்தா? கொண்டாட்டம்னா கீழ நின்னு கொண்டாடக் கூடாதா?"

"கொண்டாட்டமா? அது எங்க ஸ்டிரைக்குண்ணா. உங்க ஊருக்கு வர்றாரே, அவரை எதிர்த்துத்தான்."

பிறகு விக்கல் நின்று, அவள் மெதுவாகச் சொன்னாள். இலவசம் வந்தது நல்லதுதான், அவளுடைய மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போவதே அதனால்தான். ஆனால் கூட்டம் இரண்டு மடங்கு ஆனது, வண்டியும் ஓட்டுநரும் கூடவில்லை. ஒரு நடை முடிந்து கைகழுவ இறங்குவதற்குள் அடுத்த நடைக்கு மணி அடிக்கிறார்கள். ஓய்வு நேரம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. வண்டிகளை நிறுத்தினார்கள். டிப்போவில் முன்னால் நின்றவர்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவளும் ஒருத்தி. அறுவடைக் காலத்து மாட்டைக்கூட நிழலில் நிற்க விடுவார்கள் என்று அங்கலாய்த்தாள் என் மனைவி.

"எப்போ அனுப்புனாங்க?" என்றான் மச்சான்.

"ரெண்டு மாசம் ஆகுது."

"ஒவ்வொரு வாரமும் பேசுறியே. எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்ன?"

"நீ அவ்வளவு சந்தோஷமா கேப்பே. எப்படிண்ணா சொல்றது?"

மச்சான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனான். இந்த முறை ஓடவில்லை. அவன் அழுதான் என்று என் மனைவி பிறகு சொன்னாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. வேலை போனது ஒரு பக்கம். உலகத்திலேயே தன்னிடம்தான் அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை என்பது அவனைப் போட்டுப் பிசைந்துவிட்டது.

மறுநாளே செருப்புக் கடையில் அவசரக் கூட்டம். டீச்சர் படத்தை எடுத்துவிட்டு வெறும் எழுத்து போதும் என்றார்.

"நாம இங்க ஒரு குறை சொன்னா, நாளைக்கு அங்க எதிரிகளுக்கு அது தலைப்புச் செய்தி. எப்படா கவிழ்க்கலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க. அரசாங்கம் விழுந்தா உன் தங்கச்சி குடியிருக்கிற வீட்டு வாடகைச் சட்டமும் சேர்ந்து விழும். யோசிச்சுப் பாரு."

டாக்டருக்கோ லாட்டரி அடித்த மாதிரி. "படம் இருக்கட்டும். எழுத்தை மட்டும் மாத்துவோம். ‘துரோகம்’னு ஒரே ஒரு வார்த்தை. நான் சொன்னேன்ல? முதலாளி எழுந்த நாற்காலியில அரசாங்கம் உக்காந்துடுச்சு. உங்க தங்கச்சி பேரைக் குடுங்க, துண்டறிக்கையில போடுறேன்."

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் எரிச்சல். எதிரிகள் இருப்பதும் நிஜம், நாற்காலியும் நிஜம். ஆனால் ஒருவர் அவளைத் துணியால் மூடச் சொன்னார், மற்றவர் அவளைக் கம்பில் கட்டித் தூக்கச் சொன்னார்.

மச்சான் அங்கேயே தங்கைக்குப் போன் போட்டு இரண்டையும் சொன்னான்.

"எனக்கும் தெரியலைண்ணா" என்றாள் அவள். "ஓட்டுப் போட்டதும் நான்தான், ஸ்டிரைக் பண்ணதும் நான்தான். நீ சத்தம் போட்டா அவருக்குக் கோபம் வந்து எங்களை எடுக்காமலே போயிடலாம். நீ பேசலைன்னா அங்க யார் பேசுவா? உன் இஷ்டம்."

இஷ்டம் என்று சொல்வது சுலபம். மச்சான் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து, உடைத்து, தின்னாமலே திரும்ப வைத்தான். கடைசியில் படத்தை எடுக்கவும் வேண்டாம், எழுத்தை மாற்றவும் வேண்டாம் என்றான். கூட்டம் முடிந்ததும் அமைச்சரைத் தனியாகப் பிடித்து வேலையைப் பற்றிக் கேட்பதாகச் சொன்னான். "மெல்லக் கேளு" என்றார் டீச்சர். டாக்டர் கோபித்துக்கொண்டு போனவர், குடையை மறந்துவிட்டதால் திரும்பி வந்து மறுபடியும் கோபித்துக்கொண்டு போனார்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. அமைச்சர் சின்ன உருவம். ஜலதோஷம் வேறு, கைக்குட்டையும் கையுமாக வந்தார். தமிழ் நன்றாகவே பேசினார், பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மச்சான் கசங்காத சட்டை போட்டுக்கொண்டு வரவேற்புரை சொன்னான். வாடகைச் சட்டம், மின்சாரம், பேருந்து என்று ஒன்றையும் விடவில்லை. குரல் மட்டும் அவன் குரலாக இல்லை.

அமைச்சர் பேச எழுந்தார். பேச்சின் நடுவே திரும்பிப் பதாகையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இந்தப் படத்தைப் பாருங்க! கொட்டுற மழை. அதையும் பார்க்காம எங்க மக்கள் தெருவுக்கு வந்தாங்க. எதுக்கு? பேருந்தை இலவசமாக்குனதுக்கு நன்றி சொல்ல!"

மண்டபம் கை தட்டியது. என் பக்கத்தில் இருந்த மனைவி என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. சிவப்புக் கொடியும் கூட்டமும் கண்டால் நமக்காகத்தான் என்று அவரும் நினைத்துவிட்டார், எங்கள் மச்சானைப் போலவே.

மச்சான் மேடை ஓரத்தில் மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒயரை விட்டுவிட்டு மேடை நடுவுக்கு வந்தான்.

"தோழர், அந்த மஞ்சள் கோட்டுல நிக்கிறது என் தங்கச்சி."

"அப்படியா! பெருமையா இருக்கு" என்று அமைச்சர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அவ நன்றி சொல்ல வரலை. அது ஸ்டிரைக்கு. உங்ககிட்ட ஓய்வு நேரம் கேட்டு."

பின்வரிசையில் டாக்டர் ஒற்றை ஆளாகக் கை தட்டினார். மச்சான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அமைச்சரின் கையையும் விடவில்லை.

"உங்களுக்கு ஓட்டுப் போட்டவ அவ. இன்னும் போடுவா. நீங்க கொண்டுவந்த நல்லதுக்கெல்லாம் நாங்க இந்த ஊர்ல ஊர்வலம் போயிருக்கோம். உங்க மேல எவன் கை வெச்சாலும் இன்னும் போவோம். ஆனா அவங்களைத் திரும்ப வேலைக்கு எடுங்க. எடுக்கலைன்னா இதே துணியைத் தூக்கிக்கிட்டு உங்க தூதரகத்துக்கும் போவோம். துணி கெட்டியா தைச்சிருக்கேன்."

டாக்டரின் கைத்தட்டல் பாதியில் நின்றுவிட்டது. அமைச்சர் கையை உருவிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். போச்சு, அவளுடைய வேலைக்கு இன்றோடு முழுக்கு என்று நான் நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் டீச்சர் எழுந்தார். குரல் வகுப்பறைக் குரல். "பதில் சொல்லுங்க தோழர். எல்லாரும் காத்திருக்கோம்."

அமைச்சர் மூக்கைத் துடைத்தார். மறுபடியும் திரும்பிப் படத்தைப் பார்த்தார். இந்த முறை கூட்டத்தைப் பார்க்கவில்லை. பேருந்தின் கூரை மேல் நின்றவளைப் பார்த்தார்.

"எந்த டிப்போ?" என்றார்.

மச்சான் சொன்னான். அமைச்சர் தலையாட்டினார். வாக்குறுதி எதுவும் தரவில்லை. மிச்சப் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சான் சுருட்டிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். "நான் தப்புப் பண்ணிட்டேனா மாமா?" என்று வாசலில் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? "நாளைக்குக் கடைக்கு வா, முடி வெட்டிவிடுறேன்" என்றேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் கூப்பிட்டபோதெல்லாம் சேதி இல்லை. மச்சான் சலவைக்கூடத்தில் பேசாமல் விரிப்பு மடித்தான். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று மேற்பார்வையாளர் என் கடைக்கு வந்து மறுபடியும் அழுதார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சான் இடது கையால் எடுத்தான். பழக்கதோஷம், வாய் தானாகவே கேட்டது.

"எல்லாம் நல்லா இருக்கா?"

"எடுத்துட்டாங்கண்ணா! எல்லாரையும் எடுத்துட்டாங்க!"

என் மனைவி தட்டை விட்டு எழுந்தே விட்டாள். மச்சானுக்குக் கண் நிறைந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் போன் அக்காவின் கைக்குப் போகும், அவன் மாடிக்கு ஓடுவான். நானும் அவனுக்கு வழிவிட நாற்காலியை நகர்த்தினேன்.

"ஆனா..." என்றாள் அந்தப் பக்கம். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மச்சான் நான் நகர்த்திய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன ஆனா? சொல்லும்மா" என்றான்.

தூரத்து டிப்போவுக்கு மாற்றியது, ஓய்வு நேரம் இன்னும் பேச்சுவார்த்தையிலேயே இருப்பது, புது வண்டியின் பிரேக் என்று அவள் கொட்டித் தீர்த்தாள். தட்டில் சோறு காய்ந்தது. மச்சான் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், வாடகைச் சட்டம் வந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.